ஒரு தேதி கேட்டு, அரூரிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: அரசுச் செயலாளர், உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை, சென்னை, தலைமை இயக்குநர், சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை, சென்னை.

நகல்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்கள்.

பொருள்: வன்முறையில் ஈடுபடாத சிறைவாசிகளின் முன்விடுதலை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

நான் அரூரில் முப்பது ஆண்டுக்கும் மேலாக மனு எழுதிப் பிழைப்பவன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பு என்று நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து மனுக்கள் என் கையிலிருந்து போகும். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் "மனு" என்ற இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. மஞ்சவாடி கணவாய் தாண்டிச் சேலத்துக்குப் பேருந்து ஏறி, மத்திய சிறையில் வரிசையில் நின்று, கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மகனோடோ கணவனோடோ சில நிமிடம் பேசிவிட்டு வருவதை "மனு பார்ப்பது" என்பார்கள். இந்த இரண்டு மனுக்களுக்கும் நடுவில் அலைகிற பெண்களை இத்தனை ஆண்டுகளாகப் பார்த்த பிறகே இதை எழுதத் துணிந்தேன்.

கேட்பது ஒன்றுதான். வன்முறையில் ஈடுபடாத, குறுகிய காலத் தண்டனை பெற்ற சிறைவாசிகளுக்கு, தண்டனை முடியும் முன்பே விடுதலை பெறுவதற்கான நிலையான விதி ஒன்றை அரசு வகுக்க வேண்டும். அந்த விதிப்படி தன்னுடைய முறை எந்த நாளில் வருகிறது என்பது, உள்ளே போகிற அன்றே அவருக்கும் அவர் வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முன்விடுதலை என்ற பேச்சைத் தருமபுரி மாவட்டத்திலிருந்து எடுப்பது எளிதன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 2000 பிப்ரவரி 2 அன்று, கல்விச் சுற்றுலா வந்திருந்த வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பேருந்து இலக்கியம்பட்டியில் எரிக்கப்பட்டது. ஒரு கட்சித் தலைவருக்கு எதிராக வந்த தீர்ப்பைக் கண்டித்து நடந்த போராட்டத்தில், அந்தத் தீர்ப்போடு எந்தத் தொடர்பும் இல்லாத மூன்று மாணவிகள் கருகி இறந்தார்கள். குற்றவாளிகள் மூவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, 2010-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்து, 2016-இல் அதே நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி அரசு அறிவித்த முன்விடுதலைத் திட்டத்தின்கீழ், அந்த மூவரும் வேலூர் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். அன்று மாலை எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. "முன்விடுதலை" என்ற சொல்லைக் கேட்டதும் இந்த மாவட்டத்துக்காரர் முகம் மாறுவது இதனால்தான். அந்த முகச்சுளிப்பு நியாயமானது, நானும் சுளித்தவன்தான்.

ஆனால் அன்றைய கோபம் அடங்கிய பிறகு வேறொரு கேள்வி எழுந்தது. 2018-இல் வெளியே வருவதற்கு என்ன தகுதி வேண்டியிருந்தது? ஆயுள் தண்டனை பெற்றவராக இருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு நாளில் பத்து ஆண்டுகளை உள்ளே முடித்திருக்க வேண்டும். 2008-இல் அண்ணா நூற்றாண்டையொட்டி 1,405 பேர் விடுவிக்கப்பட்டபோதும் அவர்கள் ஆயுள் கைதிகளே. 2021-இல் அண்ணா பிறந்தநாளையொட்டி 700 பேரை விடுவிப்பதாகச் சட்டப்பேரவையில் அறிவித்ததும் நெடுங்காலத் தண்டனைக் கைதிகளுக்காகத்தான். ஆட்சிகள் மாறின, தலைவர்களின் பெயர்கள் மாறின, திட்டத்தின் உருவம் மாறவில்லை. கொலை வழக்கில் ஆயுள் பெற்றவருக்கு ஒரு தலைவரின் பிறந்தநாளில் கதவு திறக்க வாய்ப்பு உண்டு. மோட்டார் ஒயர் திருடி ஓராண்டோ ஈராண்டோ பெற்றவருக்கு எந்தத் தலைவரின் பிறந்தநாளிலும் கதவு திறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆயுள் கைதிகளை விடக்கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பதினைந்து, இருபது ஆண்டுகள் உள்ளே கழித்து முதுமை எய்தியவரை இன்னும் வைத்திருப்பதில் யாருக்கும் பயனில்லை. சிறிய தவறு செய்தவர் கணக்கிலேயே வராமல் போகிறார் என்பதுதான் என் வருத்தம்.

ஒயர் திருட்டு என்று சும்மா உதாரணத்துக்குச் சொல்லவில்லை. கிணற்று மோட்டாருக்குப் போகிற கேபிளை இரவில் அறுத்து, எரித்து, உள்ளே இருக்கும் செம்பைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவது எங்கள் பகுதியில் நெடுநாளாக நடக்கும் திருட்டு. சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப் பிடிபட்ட ஒரு பையனின் தாய் என்னிடம் வந்தார். பையனுக்கு அப்போது இருபது வயது. தாய்க்குப் புளி தட்டும் வேலை. கொட்டை நீக்கிய புளிக்குக் கிலோக் கணக்கில் கூலி. கைதான சில வாரங்களிலேயே ஜாமீன் உத்தரவு ஆகிவிட்டது. இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும், சொத்துவரி ரசீதும் வி.ஏ.ஓ. சான்றும் வேண்டும். குடியிருப்பது புறம்போக்கில், வீட்டுக்கு ரசீது இல்லை. இரத்த உறவென்று இருந்த தாய்மாமன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். வருகிறேன் என்றார், வரவில்லை. ஜாமீன் உத்தரவு தாளிலும் பையன் உள்ளேயுமாகப் பத்து மாதம் போயிற்று.

கடைசியில் ஓராண்டுச் சிறையும் 3,000 ரூபாய் அபராதமும், கட்டத் தவறினால் மேலும் மூன்று மாதமும் என்று தீர்ப்பாயிற்று. விசாரணையில் இருந்த காலம் கழிக்கப்பட்டதால் ஓராண்டு விரைவில் முடிந்துவிட்டது. அபராதம் நின்றது. ஒருநாள் மதியம் அந்தத் தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்து என் மேசையில் பணத்தை வைத்தார். பத்தும் இருபதுமாக, புளிப்பிசுக்கு ஒட்டிய நோட்டுகள். எண்ணினோம், 1,800 ரூபாய். "மிச்சத்த அடுத்த மாசம் தர்றேன்னு எழுதிக் குடுங்கண்ணா, கேட்டுப் பாக்கறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். முழுத்தொகையாக இருந்தால்தான் வாங்குவோம் என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையன் மூன்று மாதத்தையும் உள்ளேயே கழித்தான்.

பின்னால் ஒரு வழக்கறிஞரிடம் வேறு வேலையாகப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அபராதத்தின் ஒரு பகுதியைக் கட்டினால், அதற்கு பதிலான சிறைக்காலமும் அதே விகிதத்தில் குறைய வேண்டும் என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு சொல்கிறது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 8-ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,000-இல் 1,800 என்பது ஐந்தில் மூன்று பங்கு. மீதி இரண்டு பங்குக்கு, 90 நாளில் 36 நாள். அந்தப் பணத்தை வாங்கியிருந்தால் 36-ஆம் நாள் அவன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். 54 நாட்கள் அவன் கூடுதலாக உள்ளே இருந்தான். அந்த 1,800 ரூபாய் என்னவாயிற்று என்று அந்தத் தாயிடம் கேட்டேன். சேலத்துக்கு மனு பார்க்கப் போய்வந்த பேருந்துக் கட்டணத்திலும் அவனுக்கு வாங்கிப்போன பிஸ்கட்டு, சோப்பிலும் கரைந்துவிட்டது என்றார். இன்னொரு கணக்கும் இருக்கிறது. 3,000 ரூபாய்க்கு 90 நாள் என்றால், ஒரு நாள் சிறையின் விலை 33 ரூபாய். நூறு நாள் வேலைக்கே ஒரு நாளைக்கு 300 ரூபாய்க்கு மேல் கூலி நிர்ணயித்திருக்கிற காலத்தில், இருபது வயதுப் பையனின் ஒரு நாள் 33 ரூபாய்க்குப் போயிற்று.

அவனுக்கு இருபது வயது என்று சொன்னேன். 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. இருபத்தொரு வயதுக்குக் கீழ்ப்பட்டவர், ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றம் செய்திருந்தால், தக்க காரணத்தைப் பதிவுசெய்யாமல் அவருக்குச் சிறை விதிக்கக் கூடாது என்றும், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெற வேண்டும் என்றும் அதன் 6-ஆம் பிரிவு கூறுகிறது. அறுபது ஆண்டுக்கு மேல் பழைய சட்டம். அந்தத் தாய் வைத்திருந்த காகிதக் கட்டு முழுவதையும் நான் படித்துப் பார்த்தேன். நன்னடத்தை அலுவலர் என்ற சொல்லே அதில் இல்லை.

இந்த ஒரு வீட்டின் கதையை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம், நாடு முழுவதும் இதுதான் சிறையின் பெரும்பகுதி என்பதே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்குக்குச் சற்று அதிகமானோர், தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். நூறு பேருக்கான இடத்தில் 131 பேர். தமிழ்நாட்டுச் சிறைகள் வடமாநிலங்களின் அளவுக்கு நெரிசலானவை அல்ல என்பதை நான் அறிவேன். எனவே இடமில்லை, ஆகையால் விடுங்கள் என்று நான் வாதாடப் போவதில்லை. இடம் தாராளமாக இருந்தாலும் 33 ரூபாய்க்கு ஒரு நாள் என்ற கணக்கு தவறுதான்.

சட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, இதற்குமுன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், இப்போது குற்றஞ்சாட்டப்பட்டுள்ள குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் காலத்திலேயே கழித்துவிட்டால், பிணைப்பத்திரம் பெற்று விடுவிக்க வேண்டும் என்கிறது, மற்றவர்களுக்குப் பாதி. தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. நல்ல பிரிவு. ஆனால் அதன் இரண்டாவது உட்பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது என்கிறது. ஒரு கேபிள் திருட்டில் பிடிபட்டவர் மீது, அந்த வட்டாரத்தில் துப்புக் கிடைக்காமல் கிடக்கும் இன்னும் நாலு கேபிள் திருட்டுகளும் சேர்ந்துகொள்வதைப் பார்த்தவர்களுக்கு, இந்த உட்பிரிவு யாரை வெளியே நிறுத்துகிறது என்பது விளங்கும். அதை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை. அதை எடுத்துச்சொல்லிக் கடிதம் எழுதுவது மாநில அரசின் வேலை.

தண்டனை பெற்றவர்களுக்கு வருவோம். தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அதே சட்டத்தின் 473-ஆம் பிரிவின்படி மாநில அரசிடம் இருக்கிறது. பதினான்கு ஆண்டு முடிக்காமல் விடக்கூடாது என்ற 475-ஆம் பிரிவின் தடை, தூக்கும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் பெற்றவர்களுக்கும், தூக்கு ஆயுளாகக் குறைக்கப்பட்டவர்களுக்கும் மட்டுமே. ஈராண்டு, மூவாண்டு பெற்றவரை விடுவிப்பதற்கு அப்படியொரு தடை இல்லை. இன்று அவருக்கு இருப்பது ரெமிஷன் என்கிற தண்டனை நாள் குறைப்பு மட்டுமே. அது தண்டனை விதிக்கப்பட்ட பிறகு, உள்ளே செய்த வேலையையும் நடத்தையையும் பார்த்துத் தரப்படுவது. தண்டனையின் பெரும்பகுதியை விசாரணையிலேயே கழித்துவிட்டு வருபவருக்கு அதில் மிஞ்சுவது சொற்பம். எங்கள் பையனுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

2025 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் கூறியதை இங்கே நினைவூட்ட வேண்டும். முன்விடுதலைக்கான கொள்கை உள்ள மாநிலத்தில், தகுதி பெற்ற சிறைவாசி விண்ணப்பம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவருடைய நேர்வைப் பரிசீலிப்பது அரசின் கடமை என்பது அந்தத் தீர்ப்பு. மனு இல்லாமலேயே நடக்க வேண்டிய வேலை. மனு எழுதிப் பிழைக்கிற எனக்கு இது நட்டம்தான், மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தகுதி என்னவென்று சொல்லும் கொள்கையில் சிறு தண்டனைக்காரர்களுக்கு இடமே இல்லையென்றால், யாருடைய நேர்வைப் பரிசீலிப்பது?

எது வன்முறை, எது வன்முறையன்று என்பதில் நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கத்தி எடுக்காதவர்கள் எல்லாரும் ஒரே தட்டில் நிற்கக்கூடியவர்கள் அல்லர். 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் தலித் மக்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன. உயிர்ச்சேதம் இல்லை என்பதற்காக அதை வன்முறையற்ற குற்றம் என்று எந்த அரசாணையாவது எழுதுமானால், அந்த ஆணையை முதலில் எதிர்ப்பவன் நானாக இருப்பேன். கருவில் இருப்பது பெண்ணா என்று ஒளிவாக ஸ்கேன் செய்து சொல்லிக் காசு வாங்குகிற கும்பல்கள் எங்கள் மாவட்டத்தில் அடிக்கடி பிடிபடுகின்றன. அவர்கள் யாரையும் கைநீட்டி அடிப்பதில்லை. மாதந்தோறும் வட்டி என்று ஆசைகாட்டி ஊரையே சுருட்டிய நிதி நிறுவனக்காரர் இனிமையாகத்தான் பேசியிருப்பார். பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்கள், சாதி வன்கொடுமை, பலர் வாழ்வைக் குலைத்த மோசடி, இவற்றுக்கெல்லாம் இந்த விதி பொருந்தக் கூடாது. கையில் ஆயுதம் இருந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது. பாதிக்கப்பட்டவருக்கு என்ன நேர்ந்தது, குற்றத்தின் ஆதாயம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்றும் பார்க்க வேண்டும்.

அந்த இரண்டாவது கேள்வி முக்கியம் என்று நினைக்கிறேன். கர்நாடகத்திலிருந்து ஓசூர் வழியாகக் குட்கா மூட்டை ஏற்றிவரும் வேனில் பிடிபடுபவர் யார்? பெரும்பாலும் ஓட்டுநர், சரக்குக்குச் சொந்தக்காரர் வண்டியில் வருவதில்லை. செம்மரம் வெட்டப் போனவர்கள் கதையும் அதுவே. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக்கொல்லப்பட்ட இருபது பேரில் எங்கள் சித்தேரி மலைக்காரர்களும் இருந்தார்கள். உயிரோடு பிடிபட்டவர்கள் ஆந்திரச் சிறைகளில் இருந்தார்கள், இருக்கிறார்கள்; அவர்களுடைய தண்டனை உங்கள் அதிகாரத்தில் இல்லை. ஆனால் தெலுங்கு தெரியாத ஒரு மலைவாசிக்கு, தன் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தமிழில் சொல்ல இரு மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களும் ஏற்பாடு செய்ய இயலும். கஞ்சா வழக்குகளில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 32-ஏ பிரிவு தண்டனைக் குறைப்பையே தடுக்கிறது என்பதால் அதைப் பற்றி இங்கே நீட்டவில்லை.

பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடுகிற விவசாயி ஒருவரிடம் இந்த மடலைப் பற்றிச் சொன்னேன். அவருடைய கேபிளை இரண்டு முறை அறுத்திருக்கிறார்கள். செம்பை விற்றவனுக்குச் சில நூறு கிடைத்திருக்கலாம். இவருக்குப் புதுக் கேபிளுக்கே ஆயிரக்கணக்கில் செலவு, தண்ணீர் பாயாத நாட்களில் வாடிய பயிர் தனி. "அவன் உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன, எனக்குக் கேபிளு யார் குடுப்பாங்க?" என்றார். திருடர்களைச் சீக்கிரம் விடுவதற்கு அவர் ஒப்புவாரா என்று கேட்டதற்கு நெடுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "வந்து என் தோட்டத்துல பத்து நாளு குழி வெட்டிட்டுப் போகட்டும்" என்றார். அவர் கேட்ட குழி வெட்டுதலுக்குச் சட்டத்தில் கிட்டத்தட்ட ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி, முதல்முறையாகத் தண்டிக்கப்பட்டு, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தவருக்குச் சமூக சேவையையே தண்டனையாக விதிக்க வேண்டும் என்று பாரதிய நியாய சன்ஹிதா கூறுகிறது. சிறை உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவருக்குப் போக வேண்டும் என்று 1998-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முன்விடுதலை பெறுபவரின் மீதிக் காலத்தில் ஒரு பகுதியை ஊராட்சியின் ஏரி, கால்வாய் வேலைக்கு ஒதுக்கி, அதன் கூலியை இழந்தவருக்குச் சேர்க்க முடியுமா என்று துறை ஆராயலாம். விடுதலை நாளைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிப்பதையும் விதியிலேயே எழுத வேண்டும். இலக்கியம்பட்டி மாணவிகளின் பெற்றோர் தொலைக்காட்சியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வேறு யாருக்கும் வரக்கூடாது.

வெளியே வந்தவர் மறுபடியும் திருடுவார் என்ற அச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். நான் மனு எழுதிக் கொடுத்து வெளியே வந்த ஒருவர் நான்காம் மாதமே மறுபடியும் பிடிபட்டார். அவருடைய அண்ணன் என்னைத் தெருவில் பார்த்தால் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் ஊகத்தை விட்டுவிட்டுப் பார்ப்பதற்கு உங்களிடம் ஒரு பெரிய சோதனையின் பதிவேடு இருக்கிறது. கொரோனா வந்தபோது, 2020 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு மாநிலத்திலும் உயர்மட்டக் குழு அமைத்து, ஏழாண்டு வரையிலான தண்டனைக்குரிய குற்றங்களில் இருப்பவர்களை இடைக்காலமாக விடுவிப்பது பற்றி முடிவெடுக்கச் சொன்னது. 2023 மார்ச்சில்தான், அப்படி வெளியே வந்தவர்கள் பதினைந்து நாளில் திரும்பிவர வேண்டும் என்று உத்தரவாயிற்று. தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் வெளியே வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் புதிய வழக்கில் சிக்கியவர்கள் எத்தனை பேர், திரும்பி வராதவர்கள் எத்தனை பேர், குற்ற வகை வாரியாக, மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். அந்த எண்ணிக்கை என் வாதத்துக்கு எதிராக இருந்தால், அதையும் இதே போல் ஒரு மடலில் எழுதி ஒப்புக்கொள்கிறேன்.

சிறைக்குப் போனவரெல்லாம் குற்றவாளி என்ற எண்ணம் எங்கள் வட்டாரத்தில் ஒட்டாததற்கும் ஒரு காரணம் உண்டு. 1992 ஜூனில் எங்கள் பக்கத்து மலைக்கிராமமான வாச்சாத்தியில் சந்தன மரத்தின் பெயரால் அரசு ஊழியர்கள் புகுந்தபோது, பிடித்துச் செல்லப்பட்டுச் சேலம் சிறையில் அடைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகளும் இருந்தார்கள். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2011-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்று அறிவித்தது அவர்களைப் பிடித்துப் போனவர்களை. வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையைச் சேர்ந்த 215 பேரை. 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சேலம் சிறையின் சுவருக்கு எந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்பதை வைத்து மட்டும் ஆளை எடைபோட வேண்டாம் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது இதை மனத்தில் வைத்துத்தான்.

மாவட்ட ஆட்சியர்கள் இருவருக்கும் தனியாக ஒரு வேண்டுகோள். ஏழைச் சிறைவாசிகளுக்கு உதவும் திட்டம் என்று ஒன்றிய அரசு 2023-இல் தொடங்கியபோது, ஜாமீன் தொகை கட்ட இயலாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட இயலாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் வழங்கலாம் என்று விதி வகுத்தது. ஊழல் தடுப்பு, பணமோசடித் தடுப்பு, போதைப்பொருள், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கு இது கிடையாது. அந்த விதிப்படி, முடிவெடுக்கும் மாவட்டக் குழுவில் ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளரும் இருக்கிறார்கள். ஜாமீன் உத்தரவாகி ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால் சிறை நிர்வாகம் அந்தச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும், ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்பதும் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிமுறை. புறம்போக்கில் குடியிருப்பவரிடம் சொத்துவரி ரசீது கேட்பதைவிடப் பொருத்தமான நேர்வு இதற்கு வேறென்ன இருக்க முடியும்? குழு எத்தனை முறை கூடியது, எத்தனை பேருக்கு உதவியது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். எங்களைப் போன்ற மனு எழுத்தர்கள் அதைப் படித்து, வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுவோம்.

செயலாளர் அவர்களிடமும் தலைமை இயக்குநர் அவர்களிடமும் கேட்பது இது. முதல்முறைத் தண்டனை பெற்று, மேலே சொன்ன விலக்குகளுக்குள் வராத, மூன்று ஆண்டு வரையிலான தண்டனைக்காரர், விசாரணைக் காலத்தையும் சேர்த்துப் பாதித் தண்டனையை ஒழுங்காக முடித்திருந்தால், நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் மீதியை வெளியே கழிக்கலாம் என்று ஒரு விதி செய்யுங்கள். பாதி என்பது என் யோசனை. மூன்றில் இரண்டு பங்கு என்று நீங்கள் வைத்தாலும் சண்டைக்கு வரமாட்டேன், ஆண்டு முழுவதும் அது நடைமுறையில் இருந்தால் சரி. எந்தத் தலைவரின் நூற்றாண்டுக்காகவும் அது காத்திருக்கக் கூடாது. அபராதத்தைப் பகுதியாகக் கட்டலாம், கட்டினால் எத்தனை நாள் குறையும் என்பதை மனு பார்க்கும் இடத்தில் தமிழில் எழுதி வையுங்கள். தண்டனைக் கைதி ஒவ்வொருவரிடமும், உள்ளே வந்த வாரத்திலேயே, ஒரு சிறிய சீட்டைக் கொடுங்கள். கழிக்கப்பட்ட விசாரணைக் காலம் எத்தனை நாள், இதுவரை சேர்ந்த ரெமிஷன் எத்தனை நாள், கட்ட வேண்டிய அபராதம் எவ்வளவு, முன்விடுதலைக்குத் தகுதியாகும் தேதி எது என்று நாலே வரிகள். அதன் நகல் ஒன்று வீட்டுக்குப் போகட்டும்.

வெளியே வந்த பிறகு வேலை, தங்குமிடம் பற்றியும் நிறையச் சொல்லலாம். கேபிள் திருடிய அந்தப் பையன் ஓசூர் சிப்காட்டில் மூன்று கம்பெனிகளில் கேட்டு, காவல்துறைச் சான்று என்ற சொல் வந்ததும் திரும்பிவிட்டான். இப்போது தன் மாமனோடு பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்கிறான். அது தனி மடலுக்கான விஷயம்.

வருகிற திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு மனு எழுத வேறொரு அம்மா சொல்லிவைத்திருக்கிறார். மகனுக்கு ஈராண்டு, குட்கா வேன் ஓட்டியவன். மருமகள் கைக்குழந்தையோடு தாய்வீடு போய்விட்டாள். இவன் எப்போது வருவான் என்று தெரிந்தால்தான் அவளைத் திரும்ப அனுப்புவோம் என்கிறார்களாம். "என்ன தேதின்னு மட்டும் நல்லா தெரியற மாதிரி எழுதிக் குடுங்கண்ணா" என்றார். பெயர், முகவரி, கைதி எண், தண்டனை விவரம் எல்லாம் எழுதி முடித்துவிட்டேன். தேதி வர வேண்டிய இடத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அரூரிலிருந்து ஒரு மனு எழுத்தர்